மூணு மாசம் ஆகட்டும்



“இப்பம் யார்ட்டயும் சொல்லாண்டாம் மக்களே, மூணு மாசம் ஆகட்டும்.” நாஞ்சில் நாட்டு வீடுகளில் நாள் தள்ளிப்போன பெண் கேட்கும் முதல் அறிவுரை இதுதான். கண்ணுபடும் என்பது ஒரு காரணம். கரு கலைவது பெரும்பாலும் இந்த மூன்று மாதத்துக்குள்தான் என்று அனுபவத்தில் கண்ட பயம் இன்னொன்று. ஊருக்குச் சொல்லாமல் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. அவளைத் தனியே விட்டுவிடுவதில்தான் வருத்தம்.

வயிறு தெரிந்தபின் பேருந்தில் இடம் கிடைக்கும், வளைகாப்புக்குத் தெருவே வரும். ஆனால் உடம்பு படாதபாடு படுவது, வயிறு தெரியாத இந்த நாட்களில்தான். நேற்றுவரை தீயலுக்குத் தேங்காய் கருக வறுபடும் மணத்துக்கே பசியெடுத்தவள், இன்று அதே மணத்துக்கு வாயைப் பொத்திக்கொண்டு புறவாசலுக்கு ஓடுகிறாள். சாளை மீன்காரி தெருமுனையில் வரும்போதே தலை சுற்றுகிறது. “நாங்க பெறலியா?” என்று கேட்க மட்டும் வீட்டில் ஆள் இருக்கும்.

மசக்கை நடிப்பல்ல. கருவிலிருந்தும் நச்சுக்கொடியிலிருந்தும் தாயின் ரத்தத்தில் கலக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்று 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழ் ஓர் ஆய்வை வெளியிட்டது. கர்ப்பத்துக்கு முன் அந்த ஹார்மோன் உடம்பில் குறைவாக இருந்தவர்களையே அது அதிகம் வாட்டுகிறதாம். ஆகவே மாமியாரின் மசக்கையை வைத்து மருமகளின் மசக்கையை அளக்க முடியாது. மசக்கையில் எழும் ஆசைகளும் புதிதல்ல. புறநானூற்றின் இருபதாம் பாடலில் குறுங்கோழியூர் கிழார் சேரனைப் புகழ்கிறார்: உன் நாட்டு மண்ணைக் கர்ப்பிணிகள் ஆசைப்பட்டு உண்பார்களே தவிர, பகைவர் உண்ண முடியாது என்று. மண் தின்னும் ஆசையை அரசனைப் பாடும் இடத்திலேயே புலவர் கூசாமல் சொன்னார். இன்று அந்த ஆசை வந்தால் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

மூன்று மாதம் பொறுப்பதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக்குழல், கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளியது தெரிந்தபின் மிஞ்சுவது இரண்டே வாரம். அதனால் ஃபோலிக் அமில மாத்திரையைக் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்க வேண்டும். தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் 12 வாரத்துக்குள் பதிவு கேட்கிறார்கள். பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பு. முழுசாக மூன்று மாதம் முடியட்டும் என்று இருந்தால் அந்தக் கெடு தாண்டிவிடும். தெருவுக்குச் சொல்ல வேண்டாம், நர்சம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

கரு கலைந்துபோன வீடுகளில் நடக்கும் விசாரணையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்கூட்டரில் போனாயா, குடம் தூக்கினாயா, என்னத்தைத் தின்றாய்? உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைவது உண்டு. தொடக்கத்தில் கலைவதில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், கரு உருவாகும்போதே நேர்ந்த குரோமோசோம் பிழை. வண்டிக்கும் குடத்துக்கும் அதில் பங்கில்லை. அவளுக்குத் தேவை விசாரணையல்ல, ஓய்வு. கருச்சிதைவுக்குப் பின் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு பெறச் சட்டத்தில் இடமுண்டு. நம் மாவட்டத்தில் அண்டிப்பருப்பு ஆலைகளிலும் கடைகளிலும் நின்று வேலை செய்யும் எத்தனை பெண்களுக்கு இது தெரியும்?

கணவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த வாரங்களில் தாளிக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். குடித்த தண்ணீரும் தங்காமல் வாந்தி வந்தாலோ, ரத்தம் பட்டாலோ, அடிவயிற்றின் ஒரு பக்கம் கடுமையாக வலித்தாலோ, கசாயம் வைத்துக் காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்