சூடு உள்ளே, புகை வெளியே

கனடாவின் சமவெளி மாகாணங்களில் குளிர் மைனஸ் 30 டிகிரிக்கும் போவதுண்டு. அப்போதும் மாடுகளுக்கு உலர்தீவனக் கட்டுகளை டிராக்டரில் கொண்டுபோய்ப் போட்டாக வேண்டும். எஞ்சின் சூடு போதாத பழைய டிராக்டர்களின் கேபினில் தனியாக டீசல் ஹீட்டர் பொருத்துகிறார்கள். 2 கிலோவாட் ஹீட்டர் மணிக்குக் கால் லிட்டர் போலத்தான் குடிக்கும். எஞ்சினைச் சும்மா ஓடவிடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால், பொருத்துவதில் கஞ்சத்தனம் கூடாது. எரிவதற்கான காற்று வெளியிலிருந்து வர வேண்டும். புகைக்குழாயும் கேபினுக்கு வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளி முடிய வேண்டும். துளை போட அலுத்துக்கொண்டு பெட்டியை அப்படியே இருக்கைக்குப் பின்னால் வைத்தால் ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மயக்கம் வந்தபின் கதவைத் திறக்கக் கை எழாது.

நமக்கென்ன என்று கேட்காதீர்கள். நீர்மட்டம் இறங்கியதும் டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுகிறோமே, அங்கே தேங்குவதும் இதே வாயுதான். எஞ்சின் ஓடிய கிணற்றில் உடனே இறங்காதீர்கள். உள்ளே ஒருவர் மயங்கினால், காப்பாற்றப் பின்னாலேயே இறங்குபவரும் திரும்புவதில்லை. தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்லுங்கள். மின்சாரம் இருக்கும் கிணறு என்றால், நீர்மூழ்கி மோட்டாருக்கு இந்தக் கோடைக்குள் மாறிவிடுங்கள்.