அடுக்களைச் சிக்கல் யாது?

இல்லங்களில் சமைக்கும் ஆர்வம் குன்றி வருகின்றது என்பது இன்று பலரும் கூறும் குறையாகும். குறை கூறுவோர் அதற்குரிய மருந்தையும் கையோடு கொண்டு வந்துவிடுகின்றனர். இக்காலப் பெண்களுக்குச் சமையலில் நாட்டமில்லை என்பது அவர்தம் கணிப்பு. ஆதலின் சமையற் குறிப்பு நூல்களும், தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகளும், புதுப்புதுக் கருவிகளும் அவர்தம் மருந்து. இவையெல்லாம் வீடுகளுக்குள் வந்து ஆண்டுகள் பலவாயின. குறை மட்டும் நீங்கவில்லை. நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்த பின்னரே தணிக்கும் வழியை நாடுமாறு வள்ளுவப் பெருந்தகை 948ஆம் குறளில் அறிவுறுத்துகின்றார். அடுக்களையைப் பொறுத்தவரை நாம் அம்முதற்படியைத் தாண்டிக் குதித்துவிட்டோம் என்றே எண்ண வேண்டியுள்ளது.

மேலாண்மைக் கல்வியில் இன்று பெரிதும் பேசப்படும் 'டிசைன் திங்கிங்' என்னும் வடிவமைப்புச் சிந்தனை இங்கு நமக்குக் கைகொடுக்கும். இருக்கும் நிலையை விரும்பும் நிலையாக மாற்ற முனையும் எவரும் வடிவமைப்பாளரே என்னும் கருத்தை அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1969இல் வெளியிட்ட நூலொன்றில் வலியுறுத்தினார். பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இச்சிந்தனையை ஒத்துணர்தல், வரையறுத்தல், கருத்துகளைத் திரட்டுதல், மாதிரி அமைத்தல், சோதித்தல் என ஐந்து படிகளாக வகுத்துப் பயிற்றலாயினர். அவற்றுள் இரண்டாம் படியே நம் கருத்துக்குரியது. சிக்கலை வரையறுக்கும்போது தீர்வை அதனுள் ஒளித்து வைத்தல் ஆகாது. யாருடைய சிக்கல், அவருக்கு வேண்டுவது யாது, அஃது ஏன் வேண்டும் என்ற மூன்றும் அதில் விளங்க வேண்டும். அதற்கு முன் ஒருமுறையேனும் அவர் இருக்குமிடம் சென்று காணுதல் வேண்டும்.

சென்று காணும் இக்கலை தமிழுக்குப் புதிதன்று. குறுந்தொகை 167ஆம் பாடலில், மணமான மகளின் இல்லத்திற்குச் சென்று மீண்ட செவிலி தான் கண்டதை நற்றாயிடம் கூறுகின்றாள். தயிர் பிசைந்த விரல், துவையாத ஆடை, தாளிப்புப் புகை படிந்த கண், இனிதென்று கணவன் உண்டது, அதனால் அவள் முகம் நுட்பமாக மலர்ந்தது என அவள் கண்டவை அத்தனையும் கண்ணாற் கண்ட செய்திகள். மகளுக்குச் சமையலில் ஆர்வம் உண்டா என்னும் கேள்வி அவளுக்குத் தோன்றவேயில்லை. (அன்று பாத்திரம் கழுவியவர் யார் என்பதைச் செவிலியும் சொல்லவில்லை, புலவரும் சொல்லவில்லை.)

அச்செவிலியின் கண்ணோடு நம் வீட்டு அடுக்களையில் ஒரு நாள் அமர்ந்திருப்போமாயின் என்ன காண்போம்? நடுவண் அரசின் 2019ஆம் ஆண்டுக் காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் சராசரியாக அவற்றில் செலவிட்டனர். ஆயினும் நிமிடக் கணக்கில் சிக்காத ஒன்று உண்டு. "இன்றைக்கு என்ன ஆனம்?" என்னும் கேள்வியே அது. மாமியாருக்குச் சர்க்கரை, வாப்பாவுக்கு இரத்தக் கொதிப்பு, உப்பு ஆகாது, பிள்ளைக்குக் காய்கறி ஆகாது, நேற்று வைத்த மீன் ஆனத்தை இன்றும் வைத்தால் முகங்கள் கோணும். இத்தனையையும் எண்ணி முடிவு காண்பவள் ஒருத்தியே. அடுப்பு எரிவது சில மணி நேரம். இக்கேள்வி எரிவதோ நாள் முழுதும். உணவு நன்றாயிருந்தால் உண்போர் பேசாது எழுகின்றனர். உப்புக் குறைந்தால் மட்டும் வாய் திறக்கின்றனர். உணவில் ஒருபோதும் குறை கூறாத நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறையை மேடைதோறும் பேசும் நம்மவரின் நிலை இது.

இதனோடு ரமலான் மாதத்து நோன்புக் கஞ்சியை ஒப்பிட்டு நோக்குக. பள்ளிவாசலின் பெரிய சட்டிகளில் ஆண்கள் கூடிநின்று அதனைக் காய்ச்சுகின்றனர். நோன்பு நோற்ற வயிற்றோடு, வெக்கையில், முப்பது நாளும் அதே கஞ்சி. ஆர்வம் குன்றியது என்று அங்கு எவரும் முறையிடக் கேட்டதில்லை. ஏன்? என்ன காய்ச்சுவது என்னும் கேள்வி அங்கு இல்லை. கைகள் பல. காத்திருப்போர் கண்முன் வரிசையில் நிற்கின்றனர். அந்த ஒருத்தியின் அடுக்களையில் இல்லாத மூன்றும் இங்கு உள்ளன.

ஆகவே சிக்கலை நாம் இவ்வாறு வரையறுக்கலாம்: பலருடைய நாவுக்கும் நோய்க்கும் ஏற்பத் தனியே முடிவெடுத்துத் தனியே சமைக்கும் ஒருத்திக்கு அம்முடிவிலும் உழைப்பிலும் பங்காளிகள் வேண்டும், ஏனெனில் அவளை அயரச் செய்வது தனிமை. இவ்வரையறையில் 'நாட்டமின்மை' என்ற சொல்லுக்கு இடமில்லை. பாராட்டினால் போதும் என்பாரும் உளர். வேலையைப் பகிராத பாராட்டு அவளை மறுநாளும் அதே இடத்தில் நிறுத்தி வைக்கும் தந்திரமாகிவிடும் என்பது எம் கருத்து. பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கையில் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருந்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளதை இங்கு நினைவூட்டுவோம்.

கேள்வி மாறினால் விடைகளும் மாறும். வாரத்திற்குரிய ஆனங்களை வீட்டார் அனைவரும் அமர்ந்து ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டலாம். வாரத்தில் ஒரு வேளை உணவை, கடைக்குச் செல்வது முதல் சட்டி கழுவுவது வரை, மகனின் முழுப் பொறுப்பாக்கலாம். இரண்டு வாரம் சோதித்துப் பார்த்தல் நன்று. ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை. "உம்மா, வெங்காயம் எத்தனை? உப்பு எவ்வளவு? புளி எங்கே?" என்று அவன் கூடத்தில் அமர்ந்திருப்பவளை நிமிடத்திற்கு ஒருமுறை அழைப்பானாயின், கரண்டி மட்டுமே கைமாறியுள்ளது என்று அறிக. அன்று தாளைக் கிழிக்க வேண்டா. உப்பும் புளியும் இருக்குமிடத்தை அதன் ஓரத்தில் எழுதிவிட்டு, அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுக.