காடையரும் அரசாங்கமும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே, நியூயோர்க் துறைமுகத்தைக் காப்பதற்கு அமெரிக்கக் கடற்படையினர் யாரை நாடினர்? சிறையிலிருந்த கொள்ளைக்கூட்டத் தலைவன் லூசியானோவை! 1946இல் அவன் தண்டனை குறைக்கப்பெற்று இத்தாலிக்கு அனுப்பப்பட்டான். வல்லரசும் வன்கூட்டமும் கைகோத்தமைக்கு இதனைப் பலரும் எடுத்துக்காட்டுவர். வன்னி மக்களாகிய நாம் அதற்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை.

1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் அடிபட்டு வந்த மலையகத் தமிழரை வவுனியாவிலே அரவணைத்தது காந்தீயம். கட்டடக் கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் நடத்திய இயக்கம் அது. மணலாற்றுப் பகுதியில் டொலர் பாம், கென்ற் பாம் ஆகிய பண்ணைகளில் அம்மக்கள் குடியமர்ந்து கமம் செய்தனர். 1983 ஏப்ரலில் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு யூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டனர். இரண்டாம் நாள் மாண்டவருள் இராஜசுந்தரமும் ஒருவர். சிங்களக் கைதிகளின் கலகம் என்றது அரசாங்கம். பூட்டிய அறைகளின் திறவுகோல் கைதிகளின் மடியிலா இருந்தது? காவலரின் துணையோடு நடந்ததென்றே உயிர் தப்பியோர் உரைத்தனர். ஒருவரேனும் தண்டிக்கப்படவில்லை.

மறு ஆண்டு பொலிசாரையும் படையினரையும் கொண்டு அப்பண்ணை மக்களை விரட்டினர். அவ்விடத்திற் கொண்டுவந்து இருத்தியது யாரை? சிங்களக் கைதிகளையும் அவர்தம் குடும்பத்தினரையும்! திறந்த சிறைச்சாலை என்று அதற்குப் பெயர். மருத்துவரைக் கொன்ற அதே ஆட்கள் என்று நாம் சொல்லவில்லை. அதே முறை என்கிறோம். 1788இல் அவுஸ்திரேலியாவிலே பிற மக்களின் மண்ணிற் காலூன்றப் பிரித்தானியா அனுப்பியதும் கைதிகளையே அன்றோ?

1984 நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் அவ்விரு பண்ணைகளையும் தாக்கினர். இறந்தோர் அறுபதுக்கு மேல்; பெண்களும் குழந்தைகளும் அவருள் அடக்கம். இதனை மறைத்து எழுத எமது பேனா இடங்கொடாது. அக்குழந்தைகள் எவருடைய காணியையும் பறித்தவர்கள் அல்லர். அவர்களைக் கொண்டுபோய் எல்லையில் நிறுத்திய கனவான்களோ கொழும்பிலே சுகமாக இருந்தனர். பின்னர் மணலாறு வெலிஓயா ஆயிற்று.

வெலிக்கடையின் திறவுகோலைக் கொடுத்தவர் யார்? கைதிகளை மணலாற்றுக்கு அனுப்பும் கட்டளையில் ஒப்பமிட்டவர் யார்? இன்றைய அரசாங்கம் கோப்புகளைத் திறந்து காட்டட்டும். உயிர் தப்பிய டேவிட் ஐயா 2015 ஒக்ரோபரில் கிளிநொச்சியிலே காலமானார். வன்னியில் வாழும் மலையகத் தமிழர் பலருக்குக் காணி உறுதி இன்னும் கிடைத்தபாடில்லை.