வேஸ்ட் ஷாட்டுகள்

என் அக்காவின் கல்யாணம் 1994-இல் நடந்தது. முந்தின இரவுச் சமையலும் நலுங்கும் திருவண்ணாமலை பே கோபுரத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில்தான். மொத்தம் மூன்று வீடியோ கேசட்டுகள். போன வருடம் அவற்றை டிவிடியாக மாற்றச் சொல்லி அண்ணன் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தார். திரும்பி வந்தது ஒரே ஒரு தட்டு. ஒரு மணி ஐம்பது நிமிடம்.

போட்டுப் பார்த்தோம். மாப்பிள்ளை அழைப்பு இருந்தது. தாலி கட்டியது இருந்தது. அப்பாவுக்கு வேண்டிய பெரிய மனிதர்கள் மேடையேறிச் சால்வை வாங்கிக்கொண்டது ஒருவர் விடாமல் இருந்தது. மொய் எழுதும் மேசைக்கு மட்டும் ஒன்பது நிமிடம். பின்கட்டில் விடிய விடியக் காய் நறுக்கிய பெண்கள் இல்லை. தூணுக்குப் பின்னால் நின்று பார்த்த அத்தை இல்லை; கணவரை இழந்த பிறகு எந்தக் கல்யாணத்திலும் அவரைத் தூணைத் தாண்டி வரவிட்டதில்லை. நலுங்கில் ஆயாவின் வாய் அசைகிறது, குரல் இல்லை. அதன்மேல் ஒரு சினிமாப் பாட்டு ஓடுகிறது.

ஸ்டூடியோவுக்குப் போய்க் கேட்டேன். "அதெல்லாம் வேஸ்ட் ஷாட்டுங்க மேடம். சும்மா உக்காந்து காய் நறுக்கறாங்க, யாரு பாப்பாங்க? தட்டுல இடமும் பத்தாது. சார்தான் சுருக்கச் சொன்னாரு" என்றார் அந்தத் தம்பி.

இரண்டு கேசட்டுகள் அங்கேயே மூலையில் கிடந்தன. நலுங்கு இருந்த மூன்றாவது, பழைய பிளாஸ்டிக்கோடு எடைக்குப் போய்விட்டது. ஆயா இப்போது இல்லை. அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை.

அந்தத் தம்பியின் மேல் எனக்குக் கோபமில்லை. எது காட்சி, எது வேஸ்ட் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நம் வீடுகள்தான். இடம் பத்தாது என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். ஒரு சாதாரண டிவிடி 4.7 ஜிபி, சுமாரான தரத்தில் இரண்டு மணி நேரம் பிடிக்கும். இன்னும் நான்கு தட்டுகள் வாங்கியிருந்தால் எல்லாமே அடங்கியிருக்கும். மொய் மேசைக்கு இடம் இருந்தது. ஆயாவின் குரலுக்கு இல்லை. இது இடத்தின் கணக்கு அல்ல, மதிப்பின் கணக்கு.

கேமரா அன்றைக்கும் நடுநிலையாக இல்லை. வீடியோக்காரர் காபி குடிக்கப் பின்கட்டுக்கு வந்தபோது போகிற போக்கில் பிடித்ததுதான் அந்தச் சமையல் காட்சி. தற்செயலாகப் பதிவான பெண்களை, முப்பது வருடம் கழித்து யோசித்து முடிவெடுத்து நீக்கியிருக்கிறோம்.

எங்கள் ஊரில் கார்த்திகை தீபத்தன்று மாலை அர்த்தநாரீஸ்வரர் ஆடியபடி வந்து சில நிமிடங்கள் காட்சி தருவார். அப்புறம்தான் மலையில் தீபம். அம்மன் தவமிருந்து இடப்பாகம் வாங்கியதை ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டு கொண்டாடுகிறது. வீட்டுக்குத் திரும்பியதும் அந்தப் பாதியைக் கத்தரித்துவிடுகிறோம்.

அவகாசமும் அதிகமில்லை. கடைசி வரை டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஓடுகிற டெக் குறைந்துகொண்டே வருகிறது. நம் ஊர் ஈரத்தில் நாடாக்களில் பூஞ்சை ஏறுகிறது. இப்போது மாற்றும்போது எதை விடுகிறோமோ அது போனதுதான்.

பெண்களின் குரலும் படமும் தாமாகவே பாதுகாக்கப்படாது என்று தெரிந்துதான் எழுத்தாளர் அம்பையும் அவருடைய தோழிகளும் 1988-இல் மும்பையில் ஸ்பாரோ ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார்கள். எல்லா வீட்டு நாடாவும் காப்பகத்துக்குப் போக முடியாது. ஆனால் எடிட்டிங் மேசைக்கு நாம் போகலாம்.

முதலில் நாடா முழுவதையும் ஒரு நொடி வெட்டாமல் மாற்றச் சொல்லுங்கள். மூன்று மணி நேர நாடா ஓடி முடிய மூன்று மணி நேரம் ஆகும். அதற்கான கூலியைக் கொடுங்கள். தட்டை மட்டும் நம்பாதீர்கள், அதன் சாயப்படலமும் வெயிலில் கெடும். ஹார்டு டிஸ்கில் இரண்டு பிரதி வையுங்கள். சுருக்குவதைப் பிரதியில் செய்யட்டும். கேசட்டைக் கையோடு திரும்ப வாங்குங்கள். படத்தில் இருக்கும் பெண்களின் பெயர்களை, தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

எதையும் வெட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அடிவாங்கி வெளியே வந்தவளுக்குத் தன் கல்யாண கேசட்டை அழிக்க முழு உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமை படத்தில் இருப்பவளுடையது. கூலி கொடுக்கும் அண்ணனுடையது அல்ல.

மீட்ட கேசட் ஒன்றில் அத்தை இருந்தார். "உங்களை எடுத்துடலாமா, இருக்கட்டுமா?" என்று அவரையே கேட்டேன். ரொம்ப நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும்" என்றார். "என்னை எங்க நிக்க வெச்சாங்கன்னு பிள்ளைங்க பாக்கட்டும்."