எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா?



ஆடித் தள்ளுபடி தொடங்கியதிலிருந்து போனில் ஒரே கேள்வி. "டீச்சர், ஃபிரிட்ஜ் எடுக்கப் போறோம். கூட 2,800 ரூபாய் கட்டினா இன்னும் ரெண்டு வருஷம் வாரண்டியாம். கட்டலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து.

நாலாம் வகுப்புக் கணக்குதான். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 40 வீடுகள் என்று வையுங்கள். 40 வீடும் 2,800 கட்டினால் 1,12,000 ரூபாய். அந்த இரண்டு வருடத்தில் 6 வீட்டு ஃபிரிட்ஜ் பழுதாகி, ஒவ்வொன்றுக்கும் 5,000 செலவாகிறது என்றால் 30,000. மீதி 82,000? கடைக்குக் கமிஷன், வாரண்டி நிறுவனத்துக்கு லாபம், அரசுக்கு ஜிஎஸ்டி. எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. ஆனால் நாம் கட்டுவதைவிடப் பழுதுச் செலவு அதிகமாக இருந்தால் இதை எவரும் கூவிக் கூவி விற்க மாட்டார்கள்.

தயாரிப்பில் குறை இருந்தால் பெரும்பாலும் முதல் சில மாதத்திலேயே தெரிந்துவிடும். அதற்குக் கம்பெனி வாரண்டியே உண்டு. தேய்மானத்தால் வரும் கோளாறு பல வருடம் கழித்து வரும். இடையில் இருக்கும் நல்ல காலத்துக்குத்தான் நம்மிடம் காசு கேட்கிறார்கள்.

"கம்ப்ரசருக்கு 10 வருஷம் இருக்கே" என்பீர்கள். இருக்கிறது, கம்ப்ரசர் என்ற அந்தப் பாகத்துக்கு மட்டும். கேஸ் நிரப்புவது, ஆள் கூலி, வண்டி வாடகை பெரும்பாலும் நம் தலையில்தான்.

அந்தத் தாளின் பின்பக்கப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். வோல்டேஜ் ஏற்ற இறக்கம், எலி கடித்த வயர், துரு, உடைந்த பிளாஸ்டிக் எல்லாம் விலக்கு என்று இருக்கும். நம் ஊரில் பொருள் கெடுவதே இவற்றால்தானே! கடலோரத்தில் இருப்பவர்கள் துரு பற்றிய வரியை இரண்டு முறை படியுங்கள்.

எனக்கு மனசு கேட்காதது வேறொன்று. என்னிடம் படித்த ஒரு பெண் மாவு அரைத்து விற்றுக் குடும்பம் நடத்துகிறாள். ஃபிரிட்ஜ் நின்றால் அன்றைய வியாபாரம் போச்சு. கையில் சேமிப்பும் கிடையாது. இந்த வாரண்டி யாருக்காவது பொருந்தும் என்றால் அவளைப் போன்ற வீட்டுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். அவள் தாளை வாங்கிப் பார்த்தால், "வீட்டு உபயோகத்துக்கு மட்டும், வணிகப் பயன்பாட்டுக்குச் செல்லாது" என்று இருக்கிறது! பணமோ அவளுடைய மாதத் தவணையோடு சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறது. சிறுதொழில் செய்யும் பிள்ளைகளே, கையெழுத்துக்கு முன் அந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். அது இருந்தால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அந்த 2,800-க்கு நல்ல ஸ்டெபிலைசர் வாங்கினால் மாவும் பிழைக்கும், ஃபிரிட்ஜும் பிழைக்கும்.

தவணையில் எடுப்பவர்கள் பில்லில் வாரண்டிக்குத் தனி வரி இருக்கிறதா பாருங்கள். கேட்காமலே சேர்த்திருந்தால் அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள். ஆன்லைனில் இப்படி நம் சம்மதமின்றிக் கூடையில் சேர்ப்பதை 2023-இல் வந்த மத்திய அரசின் நெறிமுறைகள் தடை செய்திருக்கின்றன. தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

விலை உயர்ந்த இன்வெர்ட்டர் ஏசி மட்டும் கொஞ்சம் யோசிக்கத் தக்கது. அதன் எலக்ட்ரானிக் போர்டு போனால் செலவு அதிகம். அப்போதும் தயாரித்த கம்பெனியே தரும் வாரண்டியாகப் பாருங்கள். "இன்னைக்கு விட்டா கிடைக்காது" என்றால் நம்ப வேண்டாம். முதல் வருட வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று பல கம்பெனிகள் விட்டு வைத்திருக்கின்றன.

ஷோரூமில் வேலை பார்க்கும் என் பிள்ளைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். மாத டார்கெட் உங்களை என்ன பாடு படுத்துகிறது என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்பவர்களும் அந்தப் பையன்களிடம் முகத்தைச் சுளிக்காமல் சொல்லுங்கள்.

மதுரை அண்ணி, உங்கள் ஏசி வாரண்டித் தாளை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்துச் சொல்கிறேன், அதுவரை பணம் கட்டாதீர்கள்.