டுட்டோரியல் அறையின் கடைசி வரிசை

முதலாம் ஆண்டின் இரண்டாவது வாரம். பொருளியல் டுட்டோரியல். விரிவுரையாளர் உள்ளே வந்து உட்கார்ந்ததும், இலவசமாகக் கிடைக்கும் பொருளுக்கு விலை உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு விடை தெரியும். அரசு மருத்துவமனையில் வெளிநோயாளி கட்டணம் 1 ரிங்கிட்தான். ஆனால் அம்மா அங்கே போய் எண் எடுத்துக் காத்திருந்தால், தொழிற்சாலையில் அன்றைய நாள் சம்பளம் போய்விடும். அந்தச் சம்பளம்தான் உண்மையான விலை. தமிழில் வாய்ப்புச் செலவு. ஆறாம் படிவத்தில் மலாயில் 'கோஸ் லெப்பாஸ்' என்று படித்தேன்.

மனத்தில் தமிழில் ஓடிய விடையை மலாய்க்கு மாற்றி, அதிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றி, இலக்கணத்தைச் சரிபார்த்து நிமிர்ந்தபோது, பக்கத்து வரிசை மாணவி பாதி மலாயும் பாதி ஆங்கிலமுமாக ஏதோ சொல்லிவிட்டாள். அவள் சொன்னது பாதிதான் சரி. விரிவுரையாளர் மீதிப் பாதியைத் தானே சேர்த்து வெண்பலகையில் எழுதினார். பெயர்ப் பட்டியலில் அவள் பெயருக்கு நேராக ஒரு குறி விழுந்தது. நான் குறிப்பேட்டில் அழகாக அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நம்மில் பலருக்கு இந்தக் காட்சி புதிதல்ல. எந்த டுட்டோரியல் அறையிலும் கடைசி வரிசையைப் பாருங்கள், நாம்தான் இருப்போம். ஏன் இப்படி?

என் கதையைச் சொல்கிறேன். 2015-இல் யூ.பி.எஸ்.ஆர். எழுதி, மறு ஆண்டு தேசிய இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்தில் நுழைந்தேன். என் நெருங்கிய நண்பனுக்கு மலாய்மொழியில் தேவையான தேர்ச்சி கிடைக்கவில்லை; அவன் புகுமுக வகுப்புக்குப் போய்விட்டான். தனியாகிப்போன எனக்கு, முதல் மாதமே சரித்திரப் பாடநூலை உரக்க வாசிக்கும் முறை வந்தது. ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தேன். வகுப்பே சிரித்தது. பெரிய கொடுமை ஒன்றுமில்லை. சிரித்தவர்கள் அன்று மாலையே என்னோடு காற்பந்து விளையாடினார்கள். ஆனால் அன்றே முடிவு செய்துவிட்டேன், இனி விடையை எழுதுவேன், சொல்லமாட்டேன் என்று. அந்த முடிவுக்குப் பள்ளி என்னைத் தண்டிக்கவே இல்லை. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். எல்லாம் பெரும்பாலும் தாளில் எழுதுவதுதானே! வாய் திறக்காமலேயே பல்கலைக்கழகம் வரை வந்துவிட்டேன்.

இங்கே வந்ததும் ஒரு மூத்த அண்ணன் கோப்பு ஒன்றைக் கொடுத்தார். ஐந்தாறு ஆண்டுத் தேர்வுத் தாள்களும் விடைகளும் அதில் இருந்தன. அந்த அன்புக்கு நான் என்றும் கடமைப்பட்டவன். முதல் பருவத்தில் அதை மனனம் செய்தே நல்ல புள்ளி எடுத்தேன். இரண்டாம் ஆண்டில் கதை மாறியது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியதல்லவா? அதை வைத்தே தேர்வில் கேள்வி வந்தது. உதவித்தொகை குறைந்தால் சுமை இறுதியில் யார் தலையில் விழும், ஏன்? கோப்பில் அது இல்லை, எப்படி இருக்கும்? வரையறைகளை எல்லாம் எழுதி மூன்று பக்கம் நிரப்பினேன். சி பிளஸ் கிடைத்தது. உபகாரச் சம்பளத்தை நம்பிப் படிப்பவனுக்கு அது வெறும் எழுத்தல்ல. வீட்டில் சொல்ல இரண்டு வாரமாயிற்று.

அந்த விடுமுறைக்குப் பிறகு, நாங்கள் நால்வர் விடுதி உணவகத்தில் புதன்கிழமை இரவுகளில் கூடத் தொடங்கினோம். மறுநாள் டுட்டோரியல் கேள்விகளை முதலில் தமிழில் பேசிப் பார்ப்பது, பிறகு ஆங்கிலத்தில் சொல்வது. அவ்வளவே திட்டம். முதல் இரவு தேவை நெகிழ்ச்சியை நான் விளக்கினேன். உப்பு விலை ஏறினாலும் வாங்காமல் இருக்க மாட்டோம். பபள் டீ விலை ஏறினால் மறுநாளே சிராப் பண்டோங் குடிப்போம் என்று சொன்னதும் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு தோழி மட்டும், "சரி, அப்படியென்றால் லாரிக்காரர் டீசலுக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் எவ்வளவு கத்தரிக்காய் வாங்குகிறவர் மேல் வரும்?" என்று கேட்டாள். என்னால் சொல்ல முடியவில்லை. தமிழிலும் முடியவில்லை.

அதுதான் என்னை உலுக்கியது. ஆங்கிலம் வராததால் வாய் திறக்கவில்லை என்று இரண்டு ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் ஆண்டில் அது உண்மை. அம்மாவின் நாள் சம்பளம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. பிறகு மொழியின் பின்னால் அறியாமையும் வந்து ஒளிந்துகொண்டதை நான் கவனிக்கவில்லை. யாரும் கேள்வி கேட்காத இடத்தில் இருப்பவனுக்குத் தனக்குத் தெரியாதது எது என்று எப்படித் தெரியும்?

இதைக் கழகத்தின் முன் வைக்கிறேன். கலை இரவுக்காக நள்ளிரவு வரை ஒத்திகை பார்க்கிறோம். நானும் நாடகத்தில் நடித்தவன்தான், அதில் வருத்தமில்லை. மேடையில் முழங்கும் அதே தொண்டை மறுநாள் காலை எட்டு மணி வகுப்பில் அடைத்துக்கொள்கிறது. தேர்வு வாரத்தில் கோப்புகளைப் பகிர்வதோடு நம் கல்விப் பிரிவின் வேலை முடிந்துவிடக் கூடாது. வாரம் ஓர் இரவு, துறைவாரியாக உட்கார்ந்து பேச ஓர் ஏற்பாடு வேண்டும். மூத்த மாணவர்கள் கோப்போடு சேர்த்து இரண்டு மணி நேரமும் தர வேண்டும்.

தமிழிலேயே பேசினால் ஆங்கிலம் எப்போது வரும் என்று ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் நால்வரில் ஒருவருக்கு இன்னும் சரளமாக வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொல்வதற்கு ஒன்று கையில் இருக்கும்போது, உடைந்த ஆங்கிலத்தில் சொல்லக்கூட ஒரு துணிவு வருகிறது. இன்றும் நான் பெருக்கல் வாய்ப்பாட்டைத் தமிழில்தான் மனத்தில் ஓட்டுகிறேன். விடையை எந்த மொழியில் சொன்னாலும் ஏழெட்டு ஐம்பத்தாறுதான்.

சென்ற மாதம் டுட்டோரியலில் கை தூக்கினேன். பாதி சரி, பாதி தவறு. விரிவுரையாளர் வெண்பலகையில் என் பாதியை எழுதிவிட்டு, மீதியை யார் சொல்கிறீர்கள் என்று கேட்டார். என் பின்னால் இருந்த முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவர் குனிந்து குறிப்பேட்டில் அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். புதன் இரவு ஒன்பது மணிக்கு உணவகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.