கார் நம்ம வாசலில். பெயர் வேறொருத்தர் புக்கில்!
விற்றவர் கிடைக்காவிட்டால் ஆர்.சி. பெயர் மாற்றுவது எப்படி?

கோவை உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோவில் முன்பு 23.10.2022 அதிகாலை ஒரு மாருதி கார் வெடித்துச் சிதறியது. கார் யாருடையது என்று போலீசார் தேடிப் போனால், அது பல கை மாறி வந்த வண்டி. 10.11.2025 அன்று டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த காரும் அப்படித்தான். நம்பரை வைத்துத் தேடிய போலீஸ் முதலில் பிடித்து விசாரித்தது, காரை எப்போதோ விற்றுவிட்ட பழைய ஓனரைத்தான்.

இரண்டுமே பெரிய சம்பவங்கள். ஆனால் அதற்குள் இருக்கும் சின்ன சிக்கல் ஊர் முழுக்க இருக்கிறது. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று சீட்டுப் பணம் எடுத்து, நகையை அடகு வைத்து செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறார்கள். சாவி கைக்கு வந்துவிடுகிறது. ஆர்.சி. புக்கும் வந்துவிடுகிறது. அதில் பெயர் மட்டும் மாறவில்லை. "அடுத்த மாசம் மாத்திக்கலாம்" என்று தள்ளிப் போட்டு, ஒரு வருஷம் கழித்துப் போன் போட்டால் விற்றவர் நம்பர் உபயோகத்தில் இல்லை. வீட்டையும் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்.

பணம் கொடுத்தாலும் ஓனர் இல்லை

மோட்டார் வாகனச் சட்டப்படி ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர். 2018-ல் சுப்ரீம் கோர்ட் இதை அடித்துச் சொன்னது. அந்த வழக்கில், 2007-லேயே காரை விற்றுவிட்டதாகச் சொன்னார் ஓனர். அதன் பிறகு கார் அடுத்தடுத்து கைமாறியது. யாரும் பெயர் மாற்றவில்லை. 2009-ல் அந்தக் கார் மோதி ஒரு சிறுவன் இறந்தான். நஷ்டஈடு யார் தலையில்? ஆர்.சி.யில் பெயர் இருந்த முதல் ஓனர் தலையில்தான் என்று தீர்ப்பு வந்தது. விபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்பதுதான் கோர்ட் சொன்ன காரணம்.

விற்றவருக்கு இந்த ஆபத்து என்றால், வாங்கியவருக்கு வேறு மாதிரி. கார் அடிபட்டு இன்சூரன்ஸ் கேட்டால், "பாலிசி உங்க பேர்ல இல்லையே" என்று கம்பெனி கையை விரிக்க வாய்ப்பு உண்டு. 15 வருஷம் முடிந்த காருக்கு ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க வேண்டும். அதற்கு மனு போட வேண்டியவரும் ஓனர்தான். திரும்ப விற்கலாம் என்றால் வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வியே, "ஆர்.சி. யார் பேர்ல இருக்கு?"

சிக்கல் எங்கே?

பெயர் மாற்ற முக்கியமானது பாரம் 29, பாரம் 30. பாரம் 29 என்பது "வண்டியை விற்றுவிட்டேன்" என்று விற்றவர் கொடுக்கும் தகவல். பாரம் 30-ல் விற்றவர், வாங்கியவர் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் கெடு.

முன்பு வெற்றுப் பாரத்தில் கையெழுத்து வாங்கி டேஷ் போர்டில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டினார்கள். இப்போது எல்லாம் ஆன்லைன். பழைய ஓனர் செல்போனுக்கு ஓ.டி.பி. போகிறது. கையெழுத்துப் போட்ட பாரம் கையில் இருந்தும், அந்த நம்பர் இல்லாததால் வேலை நின்றுபோகிறது.

இறந்தவர் வண்டிக்கு பாரம் 31 இருக்கிறது. ஏலத்தில் எடுத்த வண்டிக்கு பாரம் 32 இருக்கிறது. "விற்றவரைக் காணவில்லை" என்பதற்கு மட்டும் தனி பாரம் கிடையாது. அதனால்தான் இந்த அலைச்சல்.

என்ன செய்யலாம்?

விற்றவர் இறந்துவிட்டால்: இதற்கு வழி தெளிவாக இருக்கிறது. இறப்புச் சான்று, தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் இவற்றோடு பாரம் 31 கொடுத்து முதலில் வாரிசு பெயருக்கு மாற்றலாம். அவர் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் பெயருக்கு மாற்றுவது அடுத்த படி. குடும்பத்தாரிடம் பக்குவமாகப் பேசினால் பெரும்பாலும் காரியம் நடக்கும்.

ஆளே கிடைக்காவிட்டால்: ஆர்.சி.யில் உள்ள விலாசத்துக்கு பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்ப வேண்டும். தபால் திரும்பி வந்தாலும் கவரைப் பிரிக்காமல் பத்திரப்படுத்த வேண்டும். முயற்சி செய்ததற்கு அதுதான் சாட்சி. விற்பனை ஒப்பந்தம், டெலிவரி நோட், பணம் கொடுத்த பேங்க் ரசீது இவற்றைச் சேர்த்து ஆர்.டி.ஓ.விடம் எழுத்து மூலம் மனு கொடுத்து, மனு பெற்றதற்கு ரசீது வாங்க வேண்டும். விசாரித்து முடிவு எடுப்பது அதிகாரி கையில். அங்கே முடியவில்லை என்றால் கடைசி வழி சிவில் கோர்ட். செலவும் நாளும் பிடிக்கும். வண்டியின் விலையைப் பார்த்து வக்கீலிடம் கேட்டு இறங்குவது நல்லது.

கன்சல்டிங் கடையில் வாங்கியிருந்தால்: பழைய ஓனரைத் தேடும் முன் கடைக்காரரைப் பிடிக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் புது விதி வந்திருக்கிறது. பழைய வண்டி விற்கும் டீலர் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் வாங்க வேண்டும். ஓனர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை ஆன்லைனில் பதிந்துவிட்டால், பெயர் மாற்ற மனு போடும் உரிமையும் வண்டியின் பொறுப்பும் டீலருக்கு வந்துவிடும். மாற்றித் தருவதாகச் சொல்லி ஏமாற்றினால் நுகர்வோர் கோர்ட் இருக்கிறது. பில் இல்லாமல் வாங்கியவர் பாடுதான் திண்டாட்டம்.

கடன் பாக்கி இருந்தால்: ஆர்.சி.யில் பேங்க் பெயரோ பைனான்ஸ் பெயரோ இருந்தால், கடன் முடிந்த கடிதமும் பாரம் 35-ம் வேண்டும். கடன் முடியாமலே விற்றுவிட்டு ஆள் நழுவியிருந்தால் அது போலீஸ் புகார் வரை போகிற விஷயம்.

கள்ளக் கையெழுத்து வேண்டாம்

இந்த இடத்தில்தான் சில புரோக்கர்கள் குறுக்கு வழி சொல்கிறார்கள். "கையெழுத்தை நாங்க போட்டுக்கறோம். ஓ.டி.பி.க்கு நம்பரை மாத்திக்கலாம். மூவாயிரம் எடுத்து வைங்க." கேட்க சுலபமாக இருக்கும். அடுத்தவர் கையெழுத்தைப் போடுவது போர்ஜரி. ஜெயில் தண்டனை உள்ள குற்றம். பழைய ஓனர் நாளைக்கே வந்து "நான் விற்கவே இல்லை" என்றால் சிக்குவது புரோக்கர் மட்டும் அல்ல. யார் பெயருக்கு மாறியதோ அவரும்தான். அதுவரை நியாயமாகப் பணம் கொடுத்து வாங்கியவர், ஒரே நாளில் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும்.

மீதிப் பணமே பிடி

புதிதாக வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்துவிடக் கூடாது. பத்தாயிரமோ இருபதாயிரமோ நிறுத்தி வைத்து, "பேர் மாறினதும் மீதி" என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். மீதிப் பணம் வர வேண்டி இருந்தால் விற்றவர் போனை எடுப்பார். ஓ.டி.பி.யும் சொல்வார். வாங்கும் முன்பே பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு, எத்தனையாவது ஓனர், கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்று பார்த்துவிடுவதும் நல்லது.

விற்கிறவர்களும் "வண்டி போச்சு, தொல்லை விட்டது" என்று இருக்க முடியாது. வாங்கியவர் மாற்றுவார் என்று காத்திருக்காமல் பாரம் 29-ஐ தானே கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கியவரின் ஆதார் நகல், போட்டோ, தேதியும் நேரமும் போட்ட டெலிவரி நோட் வீட்டில் இருக்கட்டும். இல்லாவிட்டால் யாரோ சிக்னலை மீறியதற்கு அபராதம் இவர் போனுக்கு வரும். யாரோ இடித்ததற்கு சம்மன் இவர் வீட்டுக்கு வரும். பெயர் மாறிய ஆர்.சி.யைக் கண்ணால் பார்க்கும் வரை, வண்டி விற்றவருக்கும் விற்று முடியவில்லை. வாங்கியவருக்கும் வாங்கி முடியவில்லை.